பாலத்துக்காரனுக்குப் பதில் சொன்ன ஊர்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, முதல் வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது ராஜபாளையத்திலிருந்து சுப்பராஜா அழைத்தார். வகுப்பில் நான் கைபேசியை எடுக்கமாட்டேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மூன்றாவது முறையாக அழைத்ததால் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "டீச்சர், பாய் போயிட்டாரு" என்றார். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் மைக் செட் போட்டு மூன்று தெருவுக்கு அதிரவைக்கிற மனிதருக்கு அதற்கு மேல் குரல் வரவில்லை. காலைத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த காஜா மைதீன் பாய், நாற்காலியில் உட்கார்ந்து மகளிடம் டீ கேட்டிருக்கிறார். டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வகுப்புக்குள் திரும்பிப் போய், மிச்சப் பெயர்களைப் படிக்காமலே பதிவேட்டை மூடிவைத்தேன்.

நாயிப் சுபேதார் காஜா மைதீனை உங்களில் பலருக்கு ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் வாசலில் விறைப்பாக நின்ற செக்யூரிட்டி மேற்பார்வையாளராகத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தெருக்காரர்களுக்கு, மொபெட்டின் பின்னால் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறவராகத் தெரியும். அந்தப் பெட்டிக்குள் இருந்தது கிளாரினெட். இருபத்துநான்கு வருஷம் ராணுவ பேண்டில் அதைத்தான் வாசித்தார். "நான் சுட்டதை விட ஊதினதுதான் ஜாஸ்தி" என்பார். நான் இங்கே எழுதப்போவது, நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட ஓர் ஓபராவை நம் ஊர் ஆட்களை முழுசாக உட்கார்ந்து கேட்கவைத்த காஜா மைதீனைப் பற்றி. ஓபரா என்றால் முழுக்கப் பாடியே நடத்துகிற மேலை நாட்டு நாடகம். அதிலும் இது, கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிற ரகம். நடக்கவே நடக்காது என்று அவரிடம் பந்தயம் கட்டியவள் நான்தான். அவ்வளவு சந்தோஷமாக வாழ்க்கையில் வேறெதிலும் நான் தோற்றதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் அவர் என்னைத் தேடி வந்தார். கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் ஜெர்மன் சொல்லித்தருகிறேன். வேலைக்கு விண்ணப்பிப்பது, வாடகைக்கு வீடு கேட்பது, ரயில் எந்த நடைமேடையில் வரும் என்று விசாரிப்பது, இவைதான் என் ஜெர்மன். வாசலில் நின்ற காவலாளியிடம் ஒரு சல்யூட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்த பெரியவர், என் மேஜைமேல் கைபேசியை வைத்தார். "டீச்சர், செத்த நேரம் இதைக் கேளுங்க. அந்தப் பொம்பளை என்ன சொல்லுதான்னு மட்டும் சொல்லிருங்க. நான் போயிருதேன்" என்றார். ஒரு பெண் பாதிப் பேச்சும் பாதிப் பாட்டுமாகக் கத்திக்கொண்டிருந்தாள். பின்னால் வாத்தியங்கள் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. நான்கு நிமிஷம் கேட்டதில் எனக்குப் புரிந்தது 'தண்ணீர்' என்ற ஒரே ஒரு சொல். பன்னிரண்டு வருஷமாக ஜெர்மன் கற்பிக்கிறவளுக்கு மானம் போயிற்று. ஒலிப்பதிவு தெளிவாக இல்லை என்று ஒரு பொய் சொன்னேன். "அப்ப நல்ல ஹெட்போனா வாங்கிட்டு அடுத்த வாரம் வாரேன்" என்றார். சொன்னபடி வந்தும் நின்றார்.

ஓபராவின் ஜெர்மன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சுபேதார் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கும் எங்களுக்கும் அது 'பாலத்துக்காரன்'. கதை சின்னது. மத்தியாஸ் என்ற ஏழைச் சிப்பாய் ஓர் ஆற்றுப் பாலத்தில் காவல் நிற்கிறான். மாற்று ஆள் வரும்வரை பாலத்தை விட்டு ஓர் அடிகூட நகரக் கூடாது என்பது கேப்டனின் உத்தரவு. எதிர்க்கரையில் அவன் மனைவிக்குப் பிரசவ வலி. கேப்டன் சீட்டாட்டத்தில் மாற்று ஆளை அனுப்ப மறந்துபோகிறான். அவள் அலறல் ஆற்றைத் தாண்டி வருகிறது. கடைசியில் மத்தியாஸ் துப்பாக்கியைச் சாத்திவைத்துவிட்டு அக்கரைக்கு நடக்கிறான். அந்தக் குற்றத்துக்காக அவனைச் சுட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலை ஆஜர் அழைப்பில் அவன் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. பெயரை அடித்து நீக்க மறந்துவிட்டார்கள். மூன்று முறை கூப்பிடுகிறார்கள். பதில் இல்லை. கிளாரினெட்டின் பெரிய அண்ணனான பேஸ் கிளாரினெட்டில் ஆக அடியில் இருக்கும் ஒரே ஒரு சுரம் நீளமாக ஒலிக்கிறது. திரை விழுகிறது.

இதை அவர் முதலில் கேட்டது பட்டாளத்தில், இசைப் பயிற்சியின்போது. தாளம் பிடிபடாத சங்கீதத்திலும் எண்ணிக்கை தவறாமல் இருக்கப் பழக்குவதற்காக அங்கிருந்த வாத்தியார் இந்த இசைத்தட்டைப் போடுவாராம். கடைசிவரை சரியாக எண்ணிக்கொண்டு வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் போய்வர அவுட்பாஸ். எல்லாரும் பாதியில் கோட்டைவிட்டார்கள். இருபது வயது காஜா மைதீன் மட்டும் எண்ணி முடித்தார். "அவுட்பாஸ் கெடைச்சுது டீச்சர். ஆனா நான் போகலை. அந்த மூணு கூப்பாடும் காதுக்குள்ளயே நின்னுது. யாரோ என்னையத்தான் கூப்பிட்ட மாதிரி இருந்துது" என்றார். அப்போது அவருக்குக் கதை தெரியாது, மொழி தெரியாது, பெயர்கூடத் தெரியாது. நாற்பது வருஷம் கழித்துக் கைபேசி வந்தபிறகு, மில் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஜெர்மன் ஓபராவாகக் கேட்டுக் கேட்டு, ஒரு பிற்பகலில் அந்த ஒற்றைச் சுரத்தை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இவருக்கு ஒரு மூட்டை இருந்தது.

நான் அகராதிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது பாடப்புத்தக ஜெர்மன் இல்லை. சிப்பாய்களும் சலவைக்காரிகளும் பேசுகிற பழைய வட்டாரப் பேச்சு. அந்த மொழியில் மனிதர்கள் விண்ணப்பிப்பதையும் நன்றி சொல்வதையும்தான் நான் கேட்டிருந்தேன். ஒருவர் அழுது கேட்டதில்லை. எட்டு மாதம் ஆயிற்று. எழுநூறு வரிக்கு மேல் தமிழாக்கி முடித்தபோது, எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும் என்று முதல்முறையாக என்னையே நம்பத் தொடங்கினேன். ஆனால் சங்கீதம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவரிடம் ஒளிக்கவும் இல்லை.

முதல் திரையிடல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன அறையில் நடந்தது. பதினொரு பேர் வந்தார்கள். ஒலிபெருக்கி சுப்பராஜாவுடையது. அவருக்கும் சுபேதாருக்கும் அன்றுதான் பழக்கம். ஏழாவது நிமிஷத்தில் சுப்பராஜா எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, திருப்புளியோடு உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிருங்க பாய். உள்ள ஏதோ போச்சு. ஒரே கரகரப்பு" என்றார். சுபேதார் மெதுவாகச் சொன்னார்: "ராஜா, அது கரகரப்பு இல்ல. டிராம்போன் வாத்தியம்." அறையே சிரித்தது. மறுபடி போட்டோம். அரை மணி நேரத்தில் அறையில் மிச்சமிருந்தது நாங்கள் மூவரும், நாற்காலியில் நன்றாகத் தூங்கிவிட்ட ஒருவரும்தான். தூங்கியவர் வ. புதுப்பட்டி முத்தையா. அவரும் பட்டாளத்துக்காரர். சுபேதாரிடம் பென்ஷன் படிவம் பற்றிக் கேட்க வந்தவர், காத்திருந்து காத்திருந்து உறங்கிப்போயிருந்தார்.

நாற்காலிகளை அடுக்கும்போது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "சுபேதார், இது நம்ம ஆட்களுக்கு ஒத்துவராது. விட்டுருங்க" என்றேன். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. "நம்ம ஆளுன்னா யாரு டீச்சர்? நான் யாரு? ராஜபாளையத்து மில் வாசல்ல உக்காந்துக்கிட்டு நான் கேக்கலையா?" என்றார். நானும் விடவில்லை. ஐம்பது பேரைக் கடைசிவரை உட்காரவைத்துக் காட்டுங்கள், நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன் என்றேன். அவர் கறுப்புப் பெட்டியைத் தட்டிக் காண்பித்தார். "தோத்துட்டீங்கன்னா இதுல அந்தக் கடைசிச் சுரத்தை நீங்க ஊதணும். ஒரே ஒரு சுரம். சுத்தமா." நான் சரி என்றேன். ஊதவேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து ராஜபாளையத்தில் சுப்பராஜா மைக் செட் சாமான்களை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் பாடம் தொடங்கியது. புனல் ஸ்பீக்கர்களுக்கும் சீரியல் பல்புச் சுருள்களுக்கும் நடுவே பெஞ்சு போட்டு உட்காருவோம். ஓபராவில் பதினொரு காட்சிகள். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு காட்சி மட்டும்; பதினொன்றும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. முதலில் நான் தமிழில் படிப்பேன். பிறகு அவர் கிளாரினெட்டில் அடிச்சுரங்களை மட்டும் மெதுவாக வாசித்துக்காட்டுவார். அதன் பிறகுதான் பதிவைப் போடுவோம். ஒரே ஒரு சட்டம் வைத்தார்: கேட்டு முடித்ததும் நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். "புடிக்குதா இல்லையாங்கிறதை வீட்ல போய்ப் பேசிக்கோங்க. இங்க காதை மட்டும் கொண்டுவாங்க" என்பார்.

அந்தச் சட்டம் செய்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன். முதல் ஞாயிறு ஆறு பேர். மில்லில் இரவு முறை முடித்து வந்த ஒரு பெண், "யாரோ படியில எறங்கி எறங்கி, கடைசிப் படியில காலை வைக்காமலே நிக்காங்க" என்றாள். சுபேதார் ஓபராவின் அச்சிட்ட இசைப்பிரதியைத் திருப்பிக் காண்பித்தார். சுரங்கள் அப்படியேதான் இறங்கி, கடைசி ஒன்றுக்கு முன் நின்றிருந்தன. காதுக்கு ஆகாத இரண்டு சுரங்கள் ஒட்டி ஒலிப்பதைப் பற்றி ஒருவர் கேட்டபோது, மில் சங்கைச் சொன்னார். "நம்ம மில் சங்கும் அடுத்த மில் சங்கும் சேர்ந்து ஊதுதுல்லா, அப்ப ஒரு அதிர்வு வரும், கவனிச்சிருக்கீங்களா? அதுல தப்பு எங்க இருக்கு? ரெண்டும் அதது சரியாத்தான் ஊதுது. மத்தியாஸும் கேப்டனும் அப்படித்தான்." மறுவாரம் பன்னிரண்டு பேர். மூன்றாவது மாதம் பெஞ்சு போதவில்லை. சுப்பராஜா பந்தல் நாற்காலிகளை இறக்கினார்.

எனக்கும் ஒரு நாள் வந்தது. மத்தியாஸ் பாலத்தில் இப்படியும் அப்படியும் நடப்பதற்கு ஐந்து சுரங்கள் உண்டு. அதே ஐந்தும் தலைகீழாக அவன் மனைவி வயிற்றுப் பிள்ளைக்குப் பாடுவதில் வருகின்றன. இதைச் சுபேதார் சிவப்பு, நீலப் பென்சிலால் பக்கம் பக்கமாகக் குறித்துவைத்திருந்தார். எட்டாம் காட்சியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று பட்டது. "சுபேதார், கேப்டன் வாயில அது வரவே இல்லையே!" என்று கத்திவிட்டேன். அவர் பதிவை நிறுத்தினார். இருவரும் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினோம். சலவைக்காரி பாடுகிறாள், மருத்துவச்சி பாடுகிறாள், சுடுவதற்கு வந்து நிற்கிற சிப்பாய்கூட முணுமுணுக்கிறான். கேப்டன் ஓர் இடத்திலும் பாடவில்லை. நாற்பது வருஷமாக இதைச் சுமந்துகொண்டிருந்த மனிதர், "எனக்கு இது தெரியலையே டீச்சர்" என்று எழுந்து நின்று எனக்கொரு சல்யூட் அடித்தார். நான் பெற்ற பட்டங்களை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைச் சொல்லுவேன். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அந்த ஓபராவை முழுசாக, நானாகவே, போட்டுக் கேட்டேன். பிடித்திருந்தது.

கடைசிக் காட்சியில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. ஆஜர் அழைப்பில் மற்றச் சிப்பாய்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்வதை நான் 'உள்ளேன் ஐயா' என்று மொழிபெயர்த்திருந்தேன். வேறென்ன எழுதுவது? தமிழ்நாட்டில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் அதைத்தான் சொல்கிறார்கள். சுபேதார் விழுந்து விழுந்து சிரித்தார். "பட்டாளம் என்ன, ஆரம்பப் பள்ளிக்கூடமா?" என்றார். எனக்குக் கோபம் வந்து, மாற்றிக்கொள்ளுங்கள் என்று தாள்களை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது தாள் அப்படியே இருந்தது. "மாத்தலை டீச்சர். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். பதினெட்டு வயசுல வத்திராயிருப்புல இருந்தும் புதுப்பட்டில இருந்தும் ரயிலேறிப் போறானே, அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானே? நீங்க எழுதுனதுதான் சரி" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன், மார்கழியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தோம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் மண்டபம் சும்மா கிடந்தது. மாலை நான்கு மணிக்கு ஆரம்பம். இருநூறு நாற்காலி போட்டுவிட்டு, "ஏமண்டி டீச்சர், நூறு போதாதா? காலி நாற்காலி கண்ணை உறுத்துமே" என்று சுப்பராஜா தன் வீட்டுத் தெலுங்கு கலந்து கவலைப்பட்டார். சுபேதார் ராணுவ பிளேசர் போட்டு, மெடல்கள் குத்தி, வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றார். மில் தொழிலாளிகள் வந்தார்கள். என் மாணவர்கள் கல்லூரிப் பேருந்தில் வந்து இறங்கினார்கள். பள்ளிவாசல் தெருக் கடைக்காரர்கள், கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். வத்திராயிருப்பு வட்டாரத்திலிருந்து முன்னாள் படைவீரர்கள் ஒரு வேனில் வந்தார்கள், பாதிப் பேர் மனைவியோடு. மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கிய மணமேடையில் திரை கட்டியிருந்தது. நாற்காலி போதாமல் ஜமுக்காளம் விரித்தோம்.

என் வேலை, மடிக்கணினியில் பொத்தானை அழுத்தி அழுத்தித் தமிழ் வரிகளைத் திரையில் காட்டுவது. ஒரு வரி பிந்தினால் எல்லாமே குழம்பிவிடும். ஆகவே நான் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலி நகரும் சத்தத்துக்கு மட்டும் காது வைத்திருந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. நகரவில்லை. மனைவியின் அலறல் ஆற்றைத் தாண்டி வரும்போது, ஜமுக்காளத்திலிருந்து ஒரு பெண்குரல், "போயேன்டா, போயித் தொலையேன், அவ கூப்பிடுதால்லா!" என்று திட்டியது. மத்தியாஸ் துப்பாக்கியைச் சாத்தியபோது மண்டபம் மொத்தமும் மூச்சு விட்டது.  பந்தயத்துக்கு ஐம்பது பேர் போதும்; இருநூறு பேருக்கு மேல் இருந்தும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

கடைசிக் காட்சி. பெயர்களைக் கூப்பிடுகிறார்கள். திரையில் 'உள்ளேன் ஐயா', 'உள்ளேன் ஐயா' என்று வரிகள் வந்து போகின்றன. மத்தியாஸ். பதில் இல்லை. மத்தியாஸ். பதில் இல்லை. மூன்றாம் முறை மத்தியாஸ் என்று கூப்பிட்டதும் நடு வரிசையில் ஒரு நாற்காலி பின்னுக்குப் போய் விழுந்தது. வ. புதுப்பட்டி முத்தையா எழுந்து, காலைச் சேர்த்து, விறைப்பாக நின்று, மண்டபம் அதிர, "உள்ளேன் ஐயா!" என்றார். முதல் திரையிடலில் நாற்காலியிலேயே தூங்கிப்போன அதே முத்தையா. யாரும் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். வேனில் வந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். அந்த ஒற்றைச் சுரம் ஒலித்து முடிகிறவரை நின்றார்கள். பிறகு கைதட்டல். அப்படியொரு கைதட்டலை அந்த மண்டபம் எந்தத் தாலிகட்டுக்கும் கேட்டிருக்காது. முன்வரிசையில் சுபேதார் மட்டும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் தோள்கள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

நான் எப்படிப்பட்டவள் பாருங்கள். எல்லாரும் போனதும் அவரிடம் போய்க் குறை சொன்னேன். "எல்லாம் சரி சுபேதார். ஆனா அந்த மௌனம்தான் ஓபரா. யாரும் பதில் சொல்லாததுதான் முடிவு. முத்தையா அதைக் கெடுத்துட்டாரே" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எழுதினவன் பெரிய ஆளு டீச்சர், நான் ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தப் பயலுக்குப் பதில் சொல்ல ஒரு ஆளில்லாம விட்டுட்டான். நூறு வருஷமா எத்தனை ஊருல போட்டிருப்பாக, ஒருத்தனும் எந்திரிக்கலை. நம்ம ஊரு எந்திரிச்சுது." இசைப்பிரதியில் பென்சிலைத் தவிர வேறெதையும் அவர் தொடவிட்டதில்லை. அன்று என் பேனாவை வாங்கி, அந்த மௌனம் வருகிற கட்டத்துக்குள் மையால் எழுதினார்: 'உள்ளேன் ஐயா. முத்தையா, வ. புதுப்பட்டி.' இது சரியா என்று இன்றுவரை என்னால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது.

பந்தயத்தில் தோற்றவள் கடனைத் தீர்க்க வேண்டுமே. கிளாரினெட்டின் ஆக அடிச்சுரம் வர வேண்டுமானால் ஒரு துளையும் திறந்திருக்கக் கூடாது. விரல்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், வலது கைச் சுண்டு விரல் நீண்டுபோய்க் கீழேயுள்ள ஓர் உலோகப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு மயிரிழை இடம் விட்டாலும் கீச்சென்று கத்தும். ஐம்பது வயதுக்கு மேல் நான் அதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய், அசல் ராஜபாளையம் நாய், சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடிற்று. "சுண்டு விரல் டீச்சர், சுண்டு விரல்" என்பார். இரண்டு வருஷம், ஞாயிறுதோறும், பாடம் முடிந்ததும் இதே பல்லவி. அவர் இறப்பதற்கு முந்தைய ஞாயிறும் எனக்குக் கீச்சுத்தான் வந்தது. நான் வெறுத்துப்போய் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தேன். "வரும் டீச்சர். என்ன அவசரம்? அடுத்த வாரம் வந்திரும்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கம் அன்றே நடந்தது. நான் வீட்டில் மகள் ஜன்னத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்களோடு இருந்தேன். பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, கிட்டங்கியில் கூடினோம். சுப்பராஜா எல்லாப் புனல் ஸ்பீக்கர்களையும் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார். வெளியே ரோடு வரை ஆட்கள் நின்றார்கள். யாரும் பேசவேண்டாம், கடைசிக் காட்சியைப் போட்டுக் கேட்டுவிட்டுக் கலையலாம் என்று முடிவு. ஜன்னத் வந்திருந்தாள். கறுப்புப் பெட்டியை என் மடியில் வைத்தாள். "டீச்சர், இது உங்ககிட்ட இருக்கட்டும்னு எனக்குத் தோணுது. நீங்க இன்னும் ஊதலைன்னு அத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க" என்றாள்.

மத்தியாஸின் பெயரைக் கூப்பிடுகிற இடத்துக்குச் சற்று முன் சுப்பராஜா பதிவை நிறுத்தினார். அது எங்கள் திட்டத்தில் இல்லை. முத்தையா முன்னால் வந்து நின்றார். அணிவகுப்பு மைதானத்துக் குரலில் கூப்பிட்டார்: "நாயிப் சுபேதார் காஜா மைதீன்!" கிட்டங்கியில் ஓசையே இல்லை. மௌனம்தான் முடிவு என்று இவ்வளவு நாள் வாதாடியவள் நான். அந்த மௌனத்துக்குள் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். நான் பெட்டியைத் திறந்து கிளாரினெட்டை எடுத்துப் பொருத்தினேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, உள்ளே இருந்தவர்கள், வாசலில் நின்றவர்கள், ரோட்டில் மொபெட்டை நிறுத்திவிட்டு நின்றவர்கள், அத்தனை பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். உள்ளேன் ஐயா!

நான் சுண்டு விரலை நீட்டி வைத்து ஊதினேன். வந்துவிட்டது. கீச்சு இல்லை, நடுக்கம் இல்லை. அகலமாக, தாழ்ந்து, ஸ்பீக்கர் தகரமெல்லாம் லேசாக அதிர, என் மூச்சு தீருகிறவரை நின்றது. இசைப்பிரதி ஜன்னத்திடம் இருக்கிறது, அது அவளுக்கு உரியது. ஞாயிற்றுப் பாடத்தை இனி முத்தையாவும், முதல் ஞாயிறு படியிறங்குவதைக் கேட்ட அந்த மில் பெண்ணும் நடத்துவார்கள், அது ஊருக்கு உரியது. சுபேதாரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சுரம். சுத்தமாக ஊதுகிறேன்.